நிசான் ஒன் டன் வண்டிக்கு மின் பெட்ரோல் பம்ப் பொருத்தியபோது நான் இழந்ததும் அறிந்ததும்

பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்களிடம் பெட்ரோல் பம்ப் பற்றிக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் "எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எந்த பம்ப், எவ்வளவு அழுத்தம், எங்கே பொருத்துவது, இஞ்சின் நின்றுவிட்டால் பம்பை எது நிறுத்தும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விகளுக்கான விடைகளை ஏழு வாரம் செலவழித்து, ஒரு முறை தீப்பிடிக்கும் நிலைக்கு மிக அருகில் போய்த் திரும்பி, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். இதே வேலையைத் தொடங்கப்போகிற வேறொருவருக்கு அந்த நாட்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என்னுடைய வண்டி ராணுவத்தில் ஒன் டன் என்று அழைக்கப்படும் நிசான். ஜப்பானின் நிசான் கேரியர் வடிவத்தை உரிமம் பெற்று ஜபல்பூரில் தயாரித்தார்கள்; ராணுவத்தின் ஜோங்கா ஜீப்பும் சக்திமான் லாரியும் வந்த அதே ஊர். முன்பக்கத்தைப் பார்த்தால் அமெரிக்காவின் டாட்ஜ் எம்37 நினைவுக்கு வரும். உள்ளே இருப்பது ஜோங்காவில் உள்ள அதே 3956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். சுமார் 110 குதிரைத்திறன். என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு கை மாறியிருந்தது. முந்தைய உரிமையாளர் மின்சார இணைப்புகள் அனைத்தையும் 12 வோல்ட்டுக்கு மாற்றி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் பின்பகுதியில் வேறொரு டேங்கைப் பொருத்தியிருந்தார். டேங்கிலிருந்து இஞ்சின் வரை பெட்ரோல் குழாயின் நீளம் ஏறத்தாழ 11 அடி. அவ்வளவு தூரத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுத்து, அதைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்குக் கொடுக்கும் வேலையைச் செய்தது இஞ்சினின் பக்கவாட்டில் இருந்த, நம் ஊர் மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று சொல்லும் இயந்திர பம்ப். இஞ்சினுக்குள் இருக்கும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு சுழலும்போது ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுத்துவிடும். அவ்வளவுதான் அதன் அமைப்பு. அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு இது பழக்கமான பொருள்.

பிரச்சினை தொடங்கியது ஏப்ரல் மாதத்தில் ஒரு நண்பகல். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அணையைப் பார்க்க எல்லோரும் நிற்கும் 9-ஆவது வளைவைத் தாண்டி, 11-ஆவது வளைவின் வயிற்றில் இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது இஞ்சின் இரண்டு முறை தும்மியது. பிறகு அப்படியே அடங்கிவிட்டது. செல்ஃப் சுழன்றது, இஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் ஓர் அரசுப் பேருந்தும் நான்கு கார்களும் நின்றுவிட்டன. சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு பானெட்டைத் திறந்தால் வெப்பம் முகத்தில் அறைந்தது. பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகுதான் வண்டி கிளம்பியது. அடுத்த மூன்று வாரங்களில் இதே போல் இன்னும் இரண்டு முறை நின்றது. டயஃப்ரம் பழுதோ என்று 650 ரூபாய்க்கு ஒரு ரிப்பேர் கிட் வாங்கி மாற்றியும் நிலைமை மாறவில்லை.

காரணம் எளிமையானது. பெட்ரோலில் உள்ள இலேசான பகுதிகள் 35, 40 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பம்ப் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைந்தால் திரவம் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். எனவே டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள 11 அடியும், வெப்பமான இஞ்சினின் மேல் உட்கார்ந்திருக்கும் பம்பும், பெட்ரோலை ஆவியாக்குவதற்கு மிகப் பொருத்தமான இடமாகிவிடுகின்றன. டயஃப்ரம் ஆவியை அமுக்கும், விரியவிடும், பெட்ரோல் நகராது. மெக்கானிக்குகள் ஏர் லாக் என்று சொல்வது இதைத்தான். பம்பை டேங்கின் அருகில் வைத்து அங்கிருந்து தள்ளினால், குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். பெட்ரோல் எளிதில் கொதிக்காது. மின் பம்பின் பயன் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. இதை நான் அப்போதே புரிந்துகொண்டிருந்தால் பின்னால் நடந்தவற்றில் பாதி நடந்திருக்காது. ஆனால் மின் பம்ப் என்றால் வலிமையான பம்ப், வலிமை கூடினால் பெட்ரோல் தடையின்றி வரும் என்பதே அன்று என் எண்ணமாக இருந்தது.

அந்த எண்ணத்தோடு கோயம்புத்தூர் உக்கடம் பழைய பொருள் சந்தைக்குப் போய், கார்புரேட்டர் இல்லாத, இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ காரிலிருந்து கழற்றிய ஒரு பம்பை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் பேட்டரியில் தொட்டுக்காட்டியபோது கம்பீரமாகச் சுழன்றது. ஒரு பட்டறையில் அரை நாளில் பொருத்திக் கொடுத்தார்கள். சாவியைத் திருப்பியதும் பம்ப் ரீங்கரித்தது. இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. நான்கு நிமிடம் போயிருக்கும். பெட்ரோல் நெடி வந்தது. பானெட்டைத் தூக்கினேன். கார்புரேட்டரின் மேல் மூடி இணையும் விளிம்பிலிருந்து பெட்ரோல் மெல்லிய திரைபோல வழிந்து, அடியில் உள்ள, புகை வெளியேறும் சூடான இரும்புக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் இரும்பில் பட்டதும் சுர் என்று புகையாக மறைந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சாவியை நிறுத்த ஓடிய அந்த ஐந்து விநாடிகளில் என் கால்கள் எனக்குச் சொந்தமானவையாக இல்லை. பட்டறையில் அப்போது பக்கத்து வண்டிக்கு வெல்டிங் நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

நடந்தது இதுதான். எம்பிஎஃப்ஐ இஞ்சினில் பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்க வேண்டும் என்பதால் அதன் பம்ப் ஏறத்தாழ 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும்படி செய்யப்பட்டிருக்கும். பழைய கார்புரேட்டருக்குத் தேவை 2 முதல் 4 பிஎஸ்ஐ. கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பியதும் மிதவை மேலே எழுந்து ஒரு சிறு ஊசி வால்வை அழுத்தி வழியை மூடும். அந்த மிதவை உள்ளே காற்று அடைத்த ஒரு பித்தளைப் பெட்டி. அதன் எழும் விசை மிகச் சிறியது. 43 பிஎஸ்ஐ அழுத்தத்தின் முன் ஊசி வால்வு ஒரு தடையே அல்ல. வழிந்தது போக மீதிப் பெட்ரோல் இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் போயிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஊசியும் கேஸ்கெட்டும் மாற்ற 3,200 ரூபாய் ஆனது. எனவே பம்ப் வாங்கும்போது அது சுழல்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அதன் அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். எழுத்தில் அந்த எண் கிடைக்காத பம்பை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அழுத்தம்தானே அதிகம், ரெகுலேட்டர் வைத்துக் குறைத்துவிடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னதை நம்பி 900 ரூபாய்க்கு ஒரு ரெகுலேட்டர் வாங்கினேன். கார்புரேட்டர் வண்டிகளுக்கான இந்தச் சிறிய ரெகுலேட்டர்கள் குறைந்த அழுத்த பம்புகளின் பின்னால் வேலை செய்வதற்கானவை. 43 பிஎஸ்ஐயை அடக்க வேண்டுமென்றால், மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்கே திருப்பி அனுப்பும் குழாயோடு கூடிய வேறு வகை ரெகுலேட்டர் வேண்டும். என்னுடையது இரண்டாம் நாளே உள்ளே கிழிந்து, மீண்டும் வழியத் தொடங்கியது. நல்லவேளையாக இந்த முறை நான் கையில் தீயணைப்பானோடு நின்றிருந்தேன். அந்த பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, குறைந்த அழுத்தம் என்று அட்டையில் அச்சிடப்பட்ட ஒரு மலிவான உருளை வடிவ பம்பை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையில் இருந்த எண் சரியாகவே இருந்தது. அதைப் பொருத்திய இடம்தான் தவறு.

வயர் அருகில் கிடைக்கிறது, கழற்ற வசதி, சேறு படாது என்று பல காரணங்களைச் சொல்லி அந்த பம்பை இஞ்சின் அறையில், ஓட்டுநர் பகுதியைப் பிரிக்கும் தடுப்பான ஃபயர்வாலின் மேல்பகுதியில் பொருத்தினார்கள். நானும் மறுக்கவில்லை. பொள்ளாச்சியைச் சுற்றிச் சமதளத்தில் ஒரு வாரம் ஓட்டினேன், குறையில்லை. வால்பாறை ஏறினேன். அட்டகட்டிக்குச் சற்று முன்னால் பம்பின் சத்தம் கூர்மையாக உயர்ந்தது. காலி டம்ளரில் உறிஞ்சுகுழாய் போட்டு உறிஞ்சினால் வரும் சத்தம் போல. சில நிமிடங்களில் சத்தம் நின்றது, வண்டியும் நின்றது. தொட்டுப் பார்த்தால் பம்பின் மேல் கை வைக்க முடியவில்லை. இத்தகைய மின் பம்புகள் தள்ளுவதில் வல்லவை, உறிஞ்சுவதில் பலவீனமானவை. தம் வழியாகப் போகும் பெட்ரோலாலேயே குளிர்பவை. பெட்ரோல் வராமல் ஆவியை அரைத்துக்கொண்டிருந்தால் சீக்கிரமே கருகிவிடும். பழைய ஏசி பம்ப் மாட்டிக்கொண்ட அதே சிக்கலில் புதிய பம்பையும் கொண்டுபோய் வைத்திருந்தேன். அன்று மாலை வண்டியை வேறொரு லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவர 7,500 ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசும் மனநிலையில் நான் இல்லை. இருட்டிய பிறகு யானை வரும் சாலை அது. அந்த இரவு வண்டியை விற்றுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

விற்காமல் தடுத்தவர் எங்கள் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. பிரிவில் பணியாற்றியவர், செகந்திராபாத்தில் பயிற்சி பெற்றவர். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இழுக்கிற வேலையைக் கொண்டுபோய் சூட்டுல வைச்சிருக்கீங்களே, தள்ளுற வேலையா டேங்க்குக்குப் பக்கத்துல வைங்க" என்றார். கூலி எதுவும் வாங்கிக்கொள்ளாமல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் என்னோடு வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தார். இதற்குப் பிறகு எழுதுவதில் சரியாக இருப்பவை பெரும்பாலும் அவர் சொல்லிக்கொடுத்தவை.

முதலில் டேங்கைக் கழற்றினோம். உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் அடியில் காபித்தூள் போலத் துரு. ஏசி பம்ப் இத்தகைய தூளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மின் பம்பின் சிறு வால்வில் ஒரு துகள் சிக்கினாலும் பெட்ரோல் வராது. டேங்கைக் கழுவி, உலர்த்தி மாட்டிய பிறகு, பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டியும் கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு வடிகட்டியும் வைத்தோம். பம்புக்கு முன்னால் உள்ளது சற்றே பெரிய கண் கொண்டதாக இருக்க வேண்டும். மிக நுண்ணியதாக இருந்தால் பம்ப் மூச்சுத் திணறும். இந்த முறை வாங்கியது, மின்காந்தத்தால் உள்ளே ஒரு தண்டு முன்னும் பின்னும் அடித்துப் பெட்ரோலைத் தள்ளும் சாலினாய்டு வகை பம்ப், 1.5 முதல் 4 பிஎஸ்ஐ, விலை 4,600 ரூபாய். டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமான உயரத்தில், டேங்கிலிருந்து ஒன்றரை அடித் தொலைவில், சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கச் சேஸிஸில், ரப்பர் வாஷர்களின் மேல், வெளியேறும் வாய் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்துப் பொருத்தினோம். ரப்பர் இல்லாமல் நேரடியாகச் சேஸிஸில் முடுக்கினால் வண்டி முழுவதும் சுத்தியல் அடிப்பதுபோல் அதிரும்.

அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெரிய இஞ்சின் என்பதால் பெரிய பம்ப் வேண்டும் என்று பலர் பயமுறுத்துவார்கள். 110 குதிரைத்திறனையும் முழுமையாகச் செலவழித்து ஓடினாலும் இப்படிப்பட்ட இஞ்சின் மணிக்கு 35 லிட்டர் அளவில்தான் குடிக்கும். அப்படி ஒரு மணி நேரம் யாரும் ஓட்டுவதில்லை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர், அதாவது மணிக்கு 60 லிட்டர் தரும் பம்ப் தாராளம். கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில், ஒரு கேனுக்குள் விட்டு ஒரு நிமிடம் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் அளவில் 1.1 லிட்டர் வந்தது.

அடுத்து நான் செய்த பெரிய தவறு, நான் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தது. ஹவில்தார் ஒரு வாரம் ஊரில் இல்லாதபோது, மின் பம்ப் பழுதானால் உதவட்டும் என்று ஏசி பம்பைக் கழற்றாமல், பெட்ரோல் அதன் வழியாகவே கார்புரேட்டருக்குப் போகும்படி இணைத்தேன். வண்டி அருமையாக ஓடியது. நான்காம் நாள் காலை வழக்கம்போல் ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டு எடுத்தேன். ஆயில் மேல் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. ஆயில் குறைவதைப் பார்த்திருக்கிறேன், கூடுவதைப் பார்த்ததில்லை. முகர்ந்தால் பெட்ரோல். இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் பிசுபிசுப்பே இல்லை, தண்ணீர்போல் வழுக்கியது. சில வாரங்களுக்கு முன் நான் மாற்றிய அந்த 650 ரூபாய் கிட்டின் டயஃப்ரம் ஓரத்தில் கிழிந்திருந்தது. ஏசி பம்ப் தனியாக வேலை செய்தபோது அந்தக் கிழிசல் பெரிய பாதிப்பைக் காட்டவில்லை. பின்னாலிருந்து மின் பம்ப் தள்ளத் தொடங்கியதும் கிழிசல் வழியாகப் பெட்ரோல் நேரே இஞ்சின் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஒரு நாள் மலையேறியிருந்தால் பேரிங்குகள் போயிருக்கும். இந்த இஞ்சினுக்குப் பேரிங் தேடுவது எத்தனை மாத வேலை என்பது ஒன் டன் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றினோம், 6,400 ரூபாய். மின் பம்ப் போட்டால் ஏசி பம்பைக் கழற்றிவிட்டு, அது இருந்த துளையை இரும்புத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடிவிடுங்கள். கழற்றியதைச் சரிசெய்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் தொடராக இணைக்கவே கூடாது.

பிறகு மின்சாரம். எல்லாம் சரியாக இருந்தும், இரவில் விளக்குப் போட்டு ஓட்டினால் ஏற்றத்தில் இஞ்சின் தளர்ந்தது. மீட்டரை வைத்தால் பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பின் முனையில் 10.3. இடையில் இருந்தது யாரோ எப்போதோ இழுத்த மெல்லிய வயர். எர்த் எடுத்திருந்தது துருவும் பெயின்ட்டும் படிந்த ஒரு சேஸிஸ் போல்ட்டில். வோல்ட் குறைந்தால் பம்ப் அடிக்கும் வலுவும் குறையும், பெட்ரோலும் குறையும். நாம் கார்புரேட்டரைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேவுக்கும், அங்கிருந்து பம்புக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, எர்த்துக்கும் தனி வயரைப் பேட்டரிக்கே கொண்டுவந்தோம். பம்பின் முனையில் 13.5 வந்தது. இந்தப் பம்ப் எடுத்துக்கொள்வது 2 ஆம்பியருக்கும் குறைவு. 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். ஃப்யூஸ் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும். பம்புக்கு அருகில் வைத்தால், நடுவில் வயர் உரசித் தீப்பற்றும்போது அது காப்பாற்றாது.

இந்த அனுபவம் முழுவதிலும் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது பம்பை நிறுத்தும் ஏற்பாட்டைப் பற்றித்தான். ஏசி பம்பில் ஒரு பெரிய பாதுகாப்பு இயல்பாகவே இருந்தது: இஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். மின் பம்பை வெறுமனே இக்னிஷன் சாவியோடு இணைத்தால், விபத்தில் வண்டி கவிழ்ந்து குழாய் அறுந்து இஞ்சின் நின்ற பிறகும், சாவியைத் திருப்பும்வரை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோலைச் சூடான இரும்பின் மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் பகுதியில் பல வண்டிகள் இன்றும் இப்படித்தான் ஓடுகின்றன. தீர்வு ஆயில் அழுத்த சுவிட்ச். மூன்று முனை கொண்டதாக வாங்க வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாதபோது பம்புக்கான மின்சாரம் செல்ஃப் இணைப்பிலிருந்து மட்டும் வரும். இஞ்சின் பிடித்து அழுத்தம் ஏறியதும் இக்னிஷன் இணைப்புக்கு மாறிக்கொள்ளும். இஞ்சின் நின்று அழுத்தம் விழுந்தால் பம்ப் தானாக நின்றுவிடும். இரண்டு முனை சுவிட்சைப் போட்டு, செல்ஃப் வயரையும் அதோடு சேர்த்து முறுக்கிவிடும் குறுக்குவழியை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இஞ்சின் ஓடும்போது மின்சாரம் பின்னோக்கிப் போய் செல்ஃப் மோட்டாரை மீண்டும் சுழற்றும் ஆபத்து அதில் இருக்கிறது. இதோடு, மோதினால் தெறித்து இணைப்பைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றைப் பழைய காரிலிருந்து எடுத்து, நிமிர்ந்த நிலையில் பொருத்தியிருக்கிறேன். வண்டி பல நாள் நின்று கார்புரேட்டர் காய்ந்திருந்தால் நிரப்புவதற்காக, அழுத்திப் பிடித்தால் மட்டும் பம்ப் ஓடும் ஒரு பொத்தானும் டாஷ்போர்டில் உள்ளது.

மீதமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்கள் அதில் ஊறி, உள்பக்கம் தோல் உரிந்து கறுப்புத் துகளாக வடிகட்டியில் வந்து நிற்கும். ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லா இடத்திலும் ஹோஸ் போடாமல், நீண்ட ஓட்டத்துக்கு உலோகக் குழாயை வைத்து, இணைப்புகளில் மட்டும் ஹோஸ் பயன்படுத்துவது நல்லது. இறக்கத்தில் மூக்கு கீழாக வண்டியை நிறுத்தினால் டேங்க் கார்புரேட்டரைவிட உயரமாகிவிடும். அப்போது பம்ப் ஓடாவிட்டாலும் பெட்ரோல் தானாகவே வடியக்கூடும். நிற்கும்போது வழியை மூடிக்கொள்ளும் வால்வு உள்ள பம்பா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு கைத்திருகு வால்வாவது வையுங்கள். கார்புரேட்டருக்கு முன்னால் மீட்டரோடு கூடிய ஒரு நல்ல ரெகுலேட்டர் வைத்து 2.5 பிஎஸ்ஐயில் நிறுத்தியிருக்கிறேன். அந்த மீட்டரின் முள்ளைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடுகிறது. உலர்தூள் தீயணைப்பான் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும்.

கணக்கு பார்த்தால், உண்மையில் தேவைப்பட்டவை பம்ப் 4,600, மீட்டரோடு ரெகுலேட்டர் 3,100, ஹோஸ், வடிகட்டி, கிளாம்ப் 2,300, ரிலே, சுவிட்சுகள், வயர் 1,900. ஆக 11,900 ரூபாய். வீணாகப் போனவை முதல் இரண்டு பம்புகள், கிழிந்த ரெகுலேட்டர், கார்புரேட்டர் வேலை, லாரி வாடகை, ஆயில், பட்டறைக் கூலி 5,500 எல்லாம் சேர்த்து 27,700 ரூபாய். ஏழு வார விடுமுறை நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த நாட்களில் வீட்டில் நான் எரிந்து விழுந்ததற்கும் கணக்கு இல்லை. அதற்காக என் மனைவியிடம் தனியே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

மே மாதக் கடைசியில், மழை தொடங்குவதற்கு முன், மீண்டும் ஆழியாறிலிருந்து ஏறினேன். ஹவில்தார் அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சத்தத்தைக் கவனித்துக்கொண்டே வந்தார். சாலினாய்டு பம்பின் சத்தமே ஒரு மீட்டர்தான்: கார்புரேட்டர் காலியாக இருந்தால் டக்டக்கென்று விரைந்து அடிக்கும், நிரம்ப நிரம்ப இடைவெளி விட்டு நிதானமாகும், நிரம்பிய பிறகும் வேகமாகவே அடித்தால் காற்று இழுக்கிறது அல்லது எங்கோ கசிகிறது என்று பொருள். 11-ஆவது வளைவைத் தாண்டியதும் அகலமான ஓர் ஓரத்தில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறக்காமல் இருபது நிமிடம் காத்திருந்தோம். இஞ்சின் அணைந்த பிறகுதான் வெப்பம் மேலே ஏறிக் கார்புரேட்டரை அதிகமாகத் தாக்கும். பிறகு டாஷ்போர்டுப் பொத்தானை அழுத்தினேன். விரைவாகப் பதினான்கு அடி. பிறகு நிதானமாக ஒன்று, இன்னொன்று. அண்ணன் தலையசைத்தார். செல்ஃபைத் தொட்டேன்; இஞ்சின் பிடித்தது.